பாய்காட் என்னும் சொல் பிறந்த கதை

(தோட்டக் கிளையின் ஞாயிற்றுக்கிழமைக் கல்வி வகுப்பில் தோட்ட எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



போன வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தபோது, பால் வெட்டும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். “அண்ணே, பேச்சிலே நாலைந்து தடவை பாய்காட், பாய்காட் என்றார்களே, அப்படியென்றால் என்ன? யாருக்குப் பாயைக் காட்டுவது?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்துப் பார்த்தேன். சிரித்த எங்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் பிறப்புத் தெரியும்? நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, வருகிற கடிதங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. ‘பாய்’ என்றால் பையன், ‘காட்’ என்றால் கட்டில். பையனும் கட்டிலும் சேர்ந்து எப்படி ஒரு போராட்டம் ஆகும் என்று கேட்டிருந்தால் நானே விழித்திருப்பேன். ஆகவே தேடிப் படித்தேன். படித்ததை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

தோழர்களே! பாய்காட் என்பதில் பையனும் இல்லை, கட்டிலும் இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். சார்ல்ஸ் கன்னிங்ஹாம் பாய்காட் என்பது முழுப் பெயர். 1832இல் இங்கிலாந்தில் நார்போக் மாவட்டத்தில் பிறந்தவர். சில காலம் பட்டாளத்தில் இருந்தவர். ‘கேப்டன் பாய்காட்’ என்றே ஊரார் அழைத்தார்கள். ஒரு மனிதரின் பெயர் உலகம் முழுவதும் ஒரு வினைச்சொல்லாக மாறியது என்றால், அவர் என்ன செய்தார் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? உண்மையில் அவர் செய்ததைவிட, அவருக்கு மற்றவர்கள் செய்ததுதான் கதை.

நிலம் ஒருவருக்கு, பாடு ஒருவருக்கு

கதை நடந்த இடம் அயர்லாந்து. அந்நாட்டின் மேற்கே மேயோ என்று ஒரு மாவட்டம். மழையும் சதுப்பும் கல்லும் நிறைந்த பூமி. நிலம் எல்லாம் பெரிய பிரபுக்களுக்குச் சொந்தம். உழுகிறவர்கள் குத்தகைக் குடியானவர்கள். குத்தகைப் பணம் கட்டத் தவறினால் வீட்டைவிட்டு வெளியேற்றம். வீடு என்றால் என்ன? மண்ணும் கல்லும் வைத்துக் குடியானவனே கட்டிய குடிசை. அதையும் விட்டுத்தான் போக வேண்டும்.

1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. 1849 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் ஒரு பத்து லட்சம் பேர் கப்பலேறிப் பிறநாடுகளுக்குப் போனார்கள். கப்பலேறிப் பிழைக்கப் போன மக்களின் துயரத்தை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பஞ்ச காலத்தில், 1846இல், மேயோவில் பிறந்தவர் மைக்கேல் டேவிட். நான்கு வயதில் அவர் குடும்பம் வீட்டைவிட்டு விரட்டப்பட்டது. இங்கிலாந்துக்குப் போய்ப் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்த அந்தச் சிறுவனுக்குப் பதினோராவது வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கை போயிற்று. கையிழந்த அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, சிறை சென்று, மீண்டு வந்து, 1879 அக்டோபரில் அதே மேயோவில் நிலச் சங்கம் தோன்ற மூலவராக நின்றார். சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அதற்குத் தலைவரானார். பார்னெல் தாமே ஒரு நிலச்சொந்தக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியாயமான குத்தகை வேண்டும், வெளியேற்றம் கூடாது, உழுகிறவனுக்கே நிலம் என்பவை சங்கத்தின் கோரிக்கைகள்.

1880 செப்டம்பர் 19ஆம் நாள் எனிஸ் என்ற ஊரில் பார்னெல் பேசினார். “அயலான் வெளியேற்றப்பட்ட நிலத்தை ஒருவன் போட்டியிட்டு எடுத்துக் கொண்டால், அவனை என்ன செய்வீர்கள்?” என்று கூட்டத்தைக் கேட்டார். “சுட்டுவிடுவோம்!” என்று குரல்கள் எழுந்தன. பார்னெல் மறுத்தார். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு என்றார். சாலையிலே கண்டால் பேசாதீர்கள். கடையிலே, சந்தையிலே, கோயிலிலேகூட அவனைத் தனியே விடுங்கள். தொழுநோயாளியை அக்காலத்தார் ஒதுக்கியதுபோல ஒதுக்குங்கள். திருந்துவதற்கு அவனுக்கு அதுவே வாய்ப்பு என்பது அவர் பேச்சின் சாரம். தொழுநோயாளியை ஒதுக்கியது நியாயம் என்று இன்று நாம் ஒப்பமாட்டோம். ஆனால் துப்பாக்கி வேண்டாம் என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள்.

பேச்சு முடிந்து மூன்றே நாள். அந்த மருந்து முதலில் பெரிய அளவில் போய்ச் சேர்ந்தது நிலத்தைப் பறித்த குடியானவனிடம் அல்ல, ஒரு காரியஸ்தரிடம்.

துரைக்கும் மேலே ஒரு துரை

கேப்டன் பாய்காட் நிலத்தின் சொந்தக்காரர் அல்லர். சொந்தக்காரர் ஏர்ன் பிரபு. அவர் வசித்தது வேறு மாவட்டத்தில். மேயோவில் மாஸ்க் ஏரிக் கரையில் அவருக்கு இருந்த நிலங்களில் வாடகை வசூலிப்பதும் கணக்குப் பார்ப்பதும் பாய்காட்டின் வேலை. தாமும் அங்கே நிலம் எடுத்துக் கூலியாட்களை வைத்துப் பயிர் செய்து வந்தார். நம் பேச்சில் சொன்னால், முதலாளி எங்கோ இருக்கிறார். தோட்டத்தில் இருப்பவர் அவருடைய ஆள். குடியானவர் கோழி வேலி தாண்டினால் அபராதம், படலைத் திறந்து விட்டால் அபராதம் என்று கண்டிப்பு நடத்தியவர் என்பது குடியானவர்களின் புகார்.

1880இல் விளைச்சல் மோசம் என்று ஏர்ன் பிரபு குத்தகையில் நூற்றுக்கு 10 குறைக்க முன்வந்தார். குடியானவர்கள் 25 குறைக்கக் கேட்டார்கள். பிரபு மறுத்தார். செப்டம்பர் 22ஆம் நாள், வெளியேற்ற நோட்டீசுகளை எடுத்துக்கொண்டு ஒரு சேவகர் போலீஸ் காவலோடு புறப்பட்டார். மூன்று வீடுகளில் கொடுத்தாயிற்று. நான்காவது வீட்டிலே இருந்த அம்மாள் நோட்டீசை வாங்க மறுத்துச் சிவப்புக் கொடியை எடுத்து வீசினார். அக்கம் பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். சேறும் சாணமும் கல்லும் பறந்தன. நோட்டீஸ் கொண்டு வந்தவர் கேப்டன் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார். ஆண்கள் கூட்டம் கூடித் தீர்மானம் போடுவதற்கு முன்பே காரியத்தைத் தொடங்கியவர்கள் பெண்கள் என்பதைத் தாய்மார்கள் குறித்துக் கொள்ள வேண்டும்.

மறுநாள் ஊர் திரண்டு வந்து, கேப்டன் வீட்டு வேலையாட்களையும் பண்ணை ஆட்களையும் வேலையை விட்டு வரும்படி கேட்டது. எல்லாரும் விட்டுப் போனார்கள். மனம் ஒப்பிப் போனவர்களும் உண்டு. பயந்து போனவர்களும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. குதிரைக்கு லாடம் அடிக்கக் கொல்லர் வரவில்லை. துணி துவைக்கும் பெண் வரவில்லை. தபால் கொண்டு வந்த பையன் வரவில்லை. பாலின்ரோப் ஊர்க் கடைக்காரர்கள் சாமான் விற்கவில்லை. ஏரியில் படகு விட்டு வேறு ஊரிலிருந்து சாப்பாட்டுச் சாமான் வரவழைக்க வேண்டியதாயிற்று. வயலிலே டர்னிப் கிழங்கும் உருளைக்கிழங்கும் தோண்ட ஆளில்லாமல் கிடந்தன.

கேப்டனை யாரும் அடித்தார்களா? இல்லை. ஆயினும் மிரட்டல்கள் வந்தன. போலீஸ் காவலில் தான் நடமாடினார். அவரிடமிருந்து எடுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. அது மற்றவர்களின் கை. அந்தக் கைகள் போனபின் அவருடைய அதிகாரம் எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு கிழங்குக்கு ஒரு ஷில்லிங்

தம் நிலையை விவரித்து லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அக்டோபரில் அது வெளிவந்ததும் இங்கிலாந்தெங்கும் பரபரப்பு. நிதி திரட்டினார்கள். வடக்கே கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து 50 பேர் அறுவடைக்கு அனுப்பப்பட்டார்கள். நவம்பரில் அவர்கள் வந்தபோது காவலுக்கு வந்த துருப்புகளும் போலீசும் சுமார் ஆயிரம் பேர். கிழங்கு தோண்ட ஐம்பது பேர். அவர்களைக் காக்க ஆயிரம் பேர்! வண்டி வாடகைக்குக் கொடுக்க ஊரில் ஒருவரும் இல்லை. கொட்டும் மழையில் நடந்தே போனார்கள்.

அவ்வூரின் ஜான் ஓமாலி பாதிரியார், ஒரு கல்கூட எறியாதீர்கள், வீட்டிலேயே இருங்கள் என்று மக்களைக் கேட்டுக் கொண்டார். படை போன வழியில் சுவரோரம் ஒரு கிழவி மட்டும் நின்றாளாம். பாதிரியார் அவளிடம், “பட்டாளத்தைப் பயமுறுத்தாதே என்று சொன்னேனா இல்லையா?” என்று பொய்க் கோபம் காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

இரண்டு வாரம் போலத் தோண்டினார்கள். மொத்த விளைச்சலின் மதிப்பு ஏறக்குறைய 500 பவுன். அதை எடுக்க ஆன செலவு 10,000 பவுனுக்குக் குறையாது என்று கணக்கிட்டார்கள். தோண்டிய ஒவ்வொரு டர்னிப் கிழங்குக்கும் ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னெல் கேலி செய்தார். நான் கணக்கு எழுதுகிறவன். வரவு ஒன்று, செலவு இருபது என்ற இப்படிப்பட்ட கணக்கை எந்த ஆபீசிலும் கண்டதில்லை.

நவம்பர் 27ஆம் நாள் கேப்டன் குடும்பத்தோடு புறப்பட்டார். வண்டியோட்ட யாரும் வராததால், பட்டாளத்தின் நோயாளி வண்டியில் ஏறிப் போனார். டிசம்பர் 1ஆம் நாள் அயர்லாந்தை விட்டே கிளம்பினார்.

பாதிரியார் கொடுத்த பெயர்

இனிச் சொல்லுக்கு வருவோம். இப்படி ஒருவரை ஒதுக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் அப்போது ‘ஆஸ்ட்ரசிசம்’ என்று ஒரு சொல் இருந்தது. அது கிரேக்கத்திலிருந்து வந்தது. ஏதென்ஸ் நகரத்தார் தமக்கு ஆபத்து என்று கருதியவரின் பெயரைப் பானை ஓட்டில் எழுதிப் போடுவார்கள். போதிய ஓடுகள் சேர்ந்து, பெரும்பாலோர் எழுதிய பெயருக்குரியவர் பத்தாண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். அந்த ஓட்டின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது.

ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்தச் செய்திகளை எழுத அங்கே வந்திருந்தார். அவரும் ஓமாலி பாதிரியாரும் சாப்பிட்டுக் கொண்டிருக்கையில், இதற்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு வந்தது. ஆஸ்ட்ரசிசம் என்றால் குடியானவர்களுக்குப் புரியாதே என்று பாதிரியார் யோசித்து, “பாய்காட் செய்வது என்று சொன்னால் என்ன?” என்றாராம். ரெட்பாத்தே எழுதி வைத்த செய்தி இது. 1880 முடிவதற்குள் லண்டன் பத்திரிகைகளும் அந்தச் சொல்லை எடுத்துக் கொண்டன. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யா, டச்சு என்று மொழிக்கு மொழி பரவியது. மலாயிலும் ‘போய்கோட்’ என்று வந்து சேர்ந்தது.

இதிலே எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? படித்தவர்களுக்கு ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. இருந்தும் பாடுபடுகிறவன் வாயில் நுழையும் சொல் வேண்டும் என்று ஒருவர் கவலைப்பட்டார். நம் கூட்டங்களிலே பேசுகிறவர்கள், நான் உட்பட, அந்தக் கவலையைப் படுகிறோமா? பட்டிருந்தால் போன வாரம் அந்தத் தம்பி என்னிடம் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

கேப்டனின் கதி என்ன? 1881இல் அமெரிக்காவுக்குப் போனபோது பாய்காட் என்ற பெயரை விட்டு, கன்னிங்ஹாம் என்று பதிந்து கொண்டார். பின்னர் இங்கிலாந்தில் வேறொரு பண்ணையில் காரியஸ்தராக இருந்து 1897இல் காலமானார். குடியானவர்களுக்கோ, 1881இல் நிலச் சட்டம் வந்தது. குத்தகை நியாயமா என்று தீர்மானிக்க நீதிமன்றம் ஏற்பட்டது. அதே ஆண்டில் அடக்குமுறைச் சட்டமும் வந்து, பார்னெல் சிறைக்கும் போனார். வெற்றி சும்மா வரவில்லை.

முதுகும் தீவும்

பிறகு இந்தச் சொல் எங்கெல்லாமோ போயிற்று. 1905இல் வங்காளத்தில் அந்நியத் துணிக்கு எதிராகப் போயிற்று. 1928இல் சைமன் கமிஷனுக்கு எதிராக இந்தியா முழுவதும் ஒலித்தது. அமெரிக்காவில் மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள், பஸ்ஸில் தங்களுக்குத் தனி இடம் என்ற அநீதியை எதிர்த்து, 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள். நடந்தே ஜெயித்தார்கள்.

தமிழிலே முன்பு பகிஷ்காரம் என்றார்கள். வெளியே ஆக்குவது என்று பொருள். இப்போது புறக்கணிப்பு என்கிறோம். புறம் என்றால் வெளி. புறம் என்றால் முதுகும்கூட. மலாயில் இதற்கு இன்னொரு அழகான சொல் உண்டு: ‘மெமுலாவுக்கான்’. ‘பூலாவ்’ என்றால் தீவு என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஒருவரைத் தீவாக்கி விடுவது என்பது அந்தச் சொல்லின் கருத்து. சுற்றிலும் தண்ணீர், நடுவிலே ஒரு மனிதர். கேப்டன் பாய்காட்டின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனால் தோழர்களே, ஓர் எச்சரிக்கை. ஊரிலே நம் முன்னோர் கண்ட ஊர்விலக்கும் இப்படித்தான் இருக்கும். தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள், நெருப்புக் கொடுக்கமாட்டார்கள், துணி வெளுக்க விடமாட்டார்கள். யாருக்கு? பெரும்பாலும் ஏழைக்கு, சாதியின் பேரால் ஒடுக்கப்பட்டவனுக்கு. கோயில் திருவிழாச் சண்டையில் ஒரு குடும்பத்தோடு லயமே பேசாமல் இருப்பதும் அதுதான். அதைப் பாய்காட் என்று சொல்லிப் பெருமைப்படாதீர்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று பலவீனர் பலர் சேர்ந்து, தங்களை நெருக்கும் அதிகாரத்துக்கு எதிராகச் செய்வது; கோரிக்கை நிறைவேறினால் முடிந்துவிடுவது. மற்றது பலர் சேர்ந்து தங்களைவிட எளியவனை நசுக்குவது. அதற்குக் கோரிக்கையும் இல்லை, முடிவும் இல்லை.

நான் தீவான மூன்று வாரம்

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். நிலத்தில் ஒரு பகுதி கைமாறியது. பழைய லயத்தில் இருந்த ஆறு குடும்பங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ். அதைத் தயாரித்தவன் நான். வீடு வீடாகப் போய்க் கொடுத்தவனும் நான். என் வேலை அது என்று நினைத்தேன். யாரும் சாணம் எறியவில்லை.

மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போனேன். பேச்சில்லை. பால் நிறுக்கும்போது வாளியை வைத்தார்கள், எடையைக் கேட்டுக் கொண்டார்கள், போனார்கள். எடை குறைகிறது என்று ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். என்னைத் தம்பி என்று அழைத்து வந்த ஒரு மூத்த அம்மாள், அன்று “கிராணி ஐயா, என் எடை எவ்வளவுங்க?” என்றார். அந்த ‘ஐயா’ என்னைச் சுட்டதுபோல எந்த வசவும் சுட்டதில்லை.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாலையில் அந்த அம்மாள் வீட்டு ஐந்தடியில் போய் உட்கார்ந்தேன். “அம்மா, நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதியிருப்பாரே” என்றேன். “எழுதுவாங்க. ஆனா நீங்க எங்க பிள்ளைன்னு நினைச்சோம். காகிதம் வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு நோட்டீஸ் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நிர்வாகம் மாறிய தேதியிலிருந்துதான் சேவைக் காலம் கணக்கிடப்பட்டிருந்தது. வேலை நீக்கப் பலன் சேவை ஆண்டைப் பொறுத்தது. மறுநாள் அலமாரியிலிருந்த பழைய செக்ரோல் புத்தகங்களைப் புரட்டினேன். அதற்கு முன் பத்து, பதினைந்து ஆண்டு உழைத்த பெயர்கள் அதில் இருந்தன. கணக்குத் தவறு என்று நிர்வாகியிடம் நேரிலேயே சொன்னேன். குடும்பங்களிடமும் கிளைச் செயலாளரிடமும் அவரவர் வேலைக்குச் சேர்ந்த தேதியைச் சொன்னேன். சங்கம் பேசியது. வீடுகள் போய்விட்டன, அதைத் தடுக்க எங்களால் முடியவில்லை. ஆனால் ஒருவருடைய சேவையிலும் ஓர் ஆண்டுகூடக் குறையவில்லை. கடைசி நாளில் லாரியில் சாமான் ஏற்றும்போது அந்த அம்மாள், “தம்பி, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடி” என்றார். பிடித்தேன்.

அந்த ஆண்டுதான் நான் சங்கத்தில் சேர்ந்தேன்.

ஆகவே என்னோடு எழுத்து வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்ன் பிரபுவின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? அகராதியில் நின்றது காரியஸ்தரின் பெயர். முதலாளியின் கட்டளை நம் கையெழுத்தில்தான் தொழிலாளியிடம் போகிறது. அந்தக் கையால் உண்மைக் கணக்கும் எழுத முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

போன வாரம் கேள்வி கேட்ட தம்பி இங்கேதான் இருக்கிறார். தம்பி, பாய்காட் என்றால் பாயைக் காட்டுவது அல்ல, முதுகைக் காட்டுவது. யாருக்குக் காட்டுகிறோம், எதற்காகக் காட்டுகிறோம், எப்போது மீண்டும் முகத்தைத் திருப்புவோம் என்று மூன்றும் தெரிந்து காட்டுவது. மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் திரும்பாதே.